சதிக் கதையும் சாய்ந்தமருதும்

மர்ம நாவல், துப்பறியும் நாவல், உளவாளிக் கதை என்றெல்லாம் வழங்கும் நூல்களைப் பற்றி நமது விமர்சகர்கள் பேசுவது அரிது. பேச நேர்ந்தாலும் ‘பொழுதுபோக்குக் குப்பை’ என்ற ஒரு சொல்லால் அவற்றை ஒதுக்கிவிட்டு மேலே சென்றுவிடுவர். ஆயின் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் காலந்தொட்டுத் தமிழ்வாணனின் சங்கர்லால் வரை, தமிழ் வாசகருட் பெருந்தொகையினரைப் புத்தகத்தோடு பிணைத்து வைத்தவை இந்நூல்களே. ஈழத்தின் முதற் தமிழ் நாவலெனப் போற்றப்படும் சித்திலெப்பையின் ‘அசன்பேயுடைய சரித்திரம்’ (1885) கூடக் குழந்தைக் கடத்தலும் சூழ்ச்சியும் சாகசமும் கலந்து பின்னப்பட்டதே. மக்கள் விரும்பிப் படிப்பனவற்றை முகஞ் சுளித்து ஒதுக்குவது முற்போக்கு விமர்சனத்தின் பணியன்று. அவற்றை ஏன் விரும்புகின்றனர், அவை வாசகனின் சிந்தனையை எவ்வழியிற் பழக்குகின்றன என்று ஆராய்வதே அதன் பணி.

கல்முனைக் கரையோரத்து ஊர்களில் வாழும் நமக்கு இவ்வாராய்ச்சி வெறும் இலக்கிய விசாரணையாக நின்றுவிட இயலாது. குண்டுவெடிப்பு, தலைமறைவு, ஒற்றர், அரசாங்கத்தின் மறைகரம் என்பன பிற நாட்டவர்க்கு நாவலின் கதைப்பொருள். நமக்கோ அவை அயல் வீட்டுச் செய்தி.

2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பு ஆகிய இடங்களில் மூன்று தேவாலயங்களிலும், தலைநகரின் பெரிய ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. 260க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஐந்து நாள் கழித்து, ஏப்ரல் 26ஆம் திகதி இரவு, கல்முனையை ஒட்டித் தெற்கே கிடக்கும் சாய்ந்தமருதின் வொலிவேரியன் கிராமத்தில், புதிதாக வாடகைக்கு வந்திருந்தோரைக் கண்டு அயலவர் ஐயுற்றனர். வாசலிற் சென்று கேள்வி கேட்டனர். பொலிசாருக்குத் தகவல் போயிற்று. துப்பாக்கிச் சூட்டின் நடுவே அவ்வீட்டுக்குள் குண்டுகள் வெடித்தன. அங்கிருந்து மீட்கப்பட்ட சடலங்கள் 15. அவற்றுள் 6 குழந்தைகளுடையவை.

இந்நிகழ்ச்சிகளை ஒரு சாதாரண உளவாளிக் கதாசிரியரிடம் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? எங்கோ ஓர் இருட்டறையில் அமர்ந்திருக்கும் சூத்திரதாரியைக் கற்பிப்பார். அவனைத் தேடிச் செல்லும் வீரன் ஒருவனைப் படைப்பார். கடைசி அத்தியாயத்தில் முகமூடியைக் கழற்றிக் காட்டுவார். வாசகன் பெருமூச்சு விட்டுப் புத்தகத்தை மூடுவான். அந்த 6 குழந்தைகளும் கதையின் இரண்டாம் அத்தியாயத்திலேயே மறைந்து போயிருப்பர்.

ஆனால் உளவாளிக் கதை என்ற உருவத்தையே எடுத்துக்கொண்டு, அதன் வழக்கத்தைப் புரட்டி வைத்த நாவல் ஒன்றுண்டு. ஜோசப் கொன்ராட் 1907ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘த சீக்ரட் ஏஜண்ட்’ என்பதே அது. பயங்கரவாதத்தையும் அரசாங்கச் சதியையும் பொருளாகக் கொண்ட பிற்கால நாவல்களுக்கெல்லாம் அதனை முன்னோடி எனலாம். 2019இன் பின்னர் அதனைத் திரும்பவும் படித்தபோது, நூறாண்டுக்கு முன் இலண்டன் மாநகரைப் பற்றி எழுதப்பட்ட நூலாக அது நமக்குத் தோன்றவில்லை.

நாவலின் கதை சிக்கலற்றது. இலண்டனில் ஓர் இழிந்த சிறு கடையை நடத்தும் வெர்லொக், வெளியுலகிற்கு ஓர் அராஜகவாதி. உண்மையில் அந்நிய நாட்டுத் தூதரகம் ஒன்றின் சம்பளக் கையாள். அதே வேளையில் இங்கிலாந்துப் பொலிசாருக்கும் துப்புச் சொல்பவன். தூதரகத்தின் புதிய செயலாளரான விளாடிமிர் அவனை அழைத்து, இங்கிலாந்து புரட்சிக்காரருக்குப் புகலிடம் அளித்து வருவதைக் கண்டிக்கிறான். அந்நாட்டு நடுத்தர வர்க்கம் அஞ்சி நடுங்கித் தன் அரசாங்கத்தைக் கடுஞ் சட்டங்கள் இயற்றத் தூண்டவேண்டுமாயின் ஒரு குண்டு வெடிக்கவேண்டும் என்கிறான். கிறீனிச் வானாராய்ச்சி நிலையமே இலக்கெனக் குறிக்கப்படுகிறது. வெர்லொக்கோ கோழை. அவன் தன் மனைவி வின்னியின் தம்பியும், அறிவு வளர்ச்சி குன்றியவனுமான ஸ்டீவியின் கையிற் குண்டைக் கொடுத்து அனுப்புகிறான். வழியில் ஸ்டீவி தடுக்கி விழுகிறான். குண்டு வெடித்து அவன் உடல் சிதறுகிறது. வானாராய்ச்சி நிலையத்திற்கு ஒரு கீறலுமில்லை.

ஸ்டீவி தொலைந்து போனால் யாரேனும் வீடு கொண்டுவந்து சேர்க்கட்டும் என்று அவனது மேலங்கியின் உட்புறத்தில் முகவரி எழுதிய துணித்துண்டொன்றை வின்னி தைத்து வைத்திருந்தாள். பொலிசார் துப்புத் துலக்குவது அத்துண்டைக் கொண்டே. துப்பறியும் நாவலில் ‘தடயம்’ எனப்படுவது கொன்ராட்டின் கையில் ஒரு தமக்கையின் அன்பாகிறது. அவ்வன்பே அவளைத் தேடி வரும் இடியுமாகிறது. இந்த ஓரிடத்திலேயே இந்நாவல் தன் இனத்து நூல்களினின்றும் பிரிந்து நிற்கிறது.

பொலிசாரைக் கொன்ராட் காட்டும் விதமும் கருதத்தக்கது. தலைமை இன்ஸ்பெக்டர் ஹீட் என்பார், சிறை மீண்டவனும் எவருக்கும் தீங்கிழைக்காதவனுமான மைக்கேலிஸ் மீது பழியைப் போட்டுக் காரியத்தை முடிக்க விழைகிறார். தமக்குத் துப்புச் சொல்பவன் சிக்கிக்கொள்வது அவருக்கு உவப்பாக இல்லை. அவருக்கு மேலுள்ள அதிகாரி மைக்கேலிஸைக் காப்பாற்ற முனைகிறார். அவரைத் தூண்டுவதும் தனி நீதிப்பற்றன்று. மைக்கேலிஸை ஆதரிக்கும் சீமாட்டி தம் மனைவியின் தோழி என்பதும் ஒரு காரணமாகும். உண்மை வெளிவருகிறது, வெளிவந்தும் உலகம் திருந்துவதில்லை. தூண்டிய தூதரக அதிகாரிக்குத் தண்டனையில்லை. தம்பியின் மரணத்திற்குக் கணவனே காரணமென அறிந்த வின்னி அவனைக் குத்திக் கொல்கிறாள். நம்பிச் சென்றவனால் பணம் பறிக்கப்பட்டுக் கைவிடப்பட்டுக் கடலில் விழுந்து மடிகிறாள். அவள் மரணம் பத்திரிகையில் ஒரு சிறு செய்தியாகிறது. அச்செய்தியில் அவள் பெயரும் இல்லை.

இக்கதை கொன்ராட்டின் வெறுங் கற்பனையன்று. 1894 பெப்ரவரி 15ஆம் திகதி கிறீனிச் பூங்காவில் மார்சல் பூர்டன் என்ற பிரெஞ்சுத் தையற்காரர் தாம் எடுத்துச் சென்ற குண்டு வெடித்து மாண்டார். அவரது மைத்துனர் பொலிஸ் கையாள் என்று அக்கால அராஜகவாதிகளுட் சிலர் குற்றஞ் சாட்டினர். நாவல் வெளிவந்த மறு ஆண்டே சரித்திரம் கற்பனையை விஞ்சிற்று. ருஷியாவின் சோஷலிஸ்ட் புரட்சிக் கட்சியின் போர்ப் பிரிவுத் தலைவனாக விளங்கிய அசேவ் என்பவன் நெடுங்காலமாகச் சாரின் இரகசியப் பொலிசாரிடம் சம்பளம் பெற்று வந்தவன் என்பதை 1908இல் பூர்ட்செவ் என்னும் பத்திரிகையாளர் அம்பலப்படுத்தினார். 1904இல் உள்நாட்டு அமைச்சர் பிளேவே கொல்லப்பட்டமைக்குத் திட்டந்தீட்டியவனும் இவனே. தன் கையாளின் ஏற்பாட்டாலேயே ஓர் அமைச்சர் மாண்ட விந்தையை எந்த மர்ம நாவலாசிரியன் எழுதத் துணிந்திருப்பான்?

ஆகவே, ‘அரசாங்கச் சதி என்பது பித்தரின் பிதற்றல்’ என்று கூறுவோருடன் நாம் உடன்படமாட்டோம். ஆளும் வர்க்கங்கள் அச்சத்தை விதைத்து அதிகாரத்தை அறுவடை செய்தமைக்குச் சரித்திரத்திற் சான்றுகள் பல. நமது நாட்டின் விடயத்திலும் கேள்விகள் நியாயமானவையே. தாக்குதல் குறித்து இந்தியப் புலனாய்வுத்துறை 2019 ஏப்ரல் 4ஆம் திகதியே எச்சரித்தது. எச்சரிக்கை மேசைக்கு மேசை நகர்ந்ததேயன்றித் தேவாலய வாசலை எட்டவில்லை. 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம், கடமை தவறிய முன்னாள் ஜனாதிபதி 10 கோடி ரூபாவும், ஏனைய உயரதிகாரிகள் நால்வர் 21 கோடி ரூபாவும் நட்டஈடு செலுத்தவேண்டுமெனத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் பிரித்தானியாவின் சனல் 4 தொலைக்காட்சி, அரசியற் கட்சியொன்றின் முன்னாள் பேச்சாளர் கூறிய குற்றச்சாட்டை ஒளிபரப்பிற்று. தாக்குதற் குழுவினருக்கும் உயர் புலனாய்வு அதிகாரி ஒருவருக்கும் இடையே சந்திப்பொன்று நிகழ்ந்தது என்பது அக்குற்றச்சாட்டு. அவ்வதிகாரி அதனை மறுத்தார். இத்தகைய குற்றச்சாட்டு அச்சமற்ற விசாரணையாலும் நீதிமன்றத்தின் உரைகல்லாலும் சோதிக்கப்படவேண்டியது. அதனைக் கோருவது உயிரிழந்தோரின் உறவினர்க்கும் உரிமை; நமக்கும் உரிமை.

ஆனால் நீதிமன்றத்தின் கேள்வி வேறு. நாவல் வாசிப்பில் ஊறிப்போன மனத்தின் கேள்வி வேறு. ஒருமுறை இந்நாவலின் கதையை உயர்தர வகுப்பு மாணவர்க்குச் சொன்னோம். சொல்லி முடித்ததும் எழுந்த முதற் கேள்வி, “சேர், கடைசியில அந்தத் தூதரகக்காரன் பிடிபட்டானா?” என்பதே. அடுத்த கேள்வி அவன் எந்த நாட்டவன் என்பது. ஸ்டீவியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. மாணவரை நாம் குறை கூறவில்லை. அவர்கள் படித்த கதைகளும், பார்த்த திரைப்படங்களும், ஊரில் காதோடு காதாகப் பேசப்பட்ட பேச்சுக்களும் அவர்களை அவ்வாறே பழக்கியுள்ளன. சூத்திரதாரி அகப்பட்டால் கதை முடிந்தது என்பது அப்பழக்கம்.

அப்பழக்கம் எத்துணைக் கொடிய விளைவுகளைத் தரவல்லது என்பதை நமது மாவட்டமே கண்டிருக்கிறது. 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறை நகரில், முஸ்லிம் ஒருவரின் உணவுக்கடையிற் பரிமாறப்பட்ட கொத்து ரொட்டியில் மலட்டுத்தன்மையை உண்டாக்கும் மருந்து கலந்திருந்தது என்ற வதந்தி பரவிற்று. கடை தாக்கப்பட்டது, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. அரசாங்கப் பகுப்பாய்வாளரின் சோதனையில் அது வெறும் மாவுக்கட்டி எனத் தெரிந்தது. 2019 மே மாதத்தில், டாக்டர் ஷாபி சிங்களத் தாய்மார் ஆயிரக்கணக்கானோருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்ற கதை நாடெங்கும் பரவிற்று. அவர் கைது செய்யப்பட்டார். குற்றச்சாட்டுக்குச் சான்றில்லையெனக் குற்றப் புலனாய்வுத் திணைக்களமே நீதிமன்றிற் கூறிற்று. சான்று இல்லாமையையே சதியின் திறமைக்குச் சான்றாகக் கொள்வது மர்மக் கதையின் தருக்கம். அத்தருக்கம் நூலைவிட்டு வெளியேறி வீதிக்கு வந்தபோது மே 13ஆம் திகதி வடமேல் மாகாணத்தில் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன.

பெரும்பான்மையினரிடையே உலவிய சதிக்கதை இது. நம்மவரிடையே உலவிய சதிக்கதையையும் நாம் மறைத்தல் ஆகாது. ‘இது நம்மவர் செய்ததன்று, எல்லாம் அந்நியரின் கைவேலை’ என்ற பேச்சு எத்தனை தேநீர்க் கடைகளில், எத்தனை வீட்டு முற்றங்களிற் பேசப்பட்டது! அப்பேச்சில் ஆறுதல் உண்டு. அதனாலேயே அது ஆபத்தானது. மறைகரம் ஒன்று இருந்தது என நாளை ஐயந்திரிபற நிறுவப்பட்டாலும், அக்கரம் பற்றிக்கொள்ளத்தக்க இளைஞர்கள் இங்கு எவ்வாறு உருவாகினர் என்ற கேள்வி எஞ்சியே நிற்கும். ஸஹ்ரானின் குழுவுக்கும் ஸூபி வழியினருக்கும் காத்தான்குடியில் 2017 மார்ச்சில் மோதல் நிகழ்ந்தது. அதற்கு முன்பே மேடைகளில் வெறுப்பு பேசப்பட்டது. கேட்டவர் நாம், பொறுத்தவரும் நாம். விளாடிமிர் இன்றி வெர்லொக் குண்டை எடுத்திருக்கமாட்டான் என்பது உண்மை. வெர்லொக்கின் வீட்டில் வாரந்தோறும் கூடி வெறும் வாய்ப்பந்தல் போட்டவர்களும், அவர்களைச் சகித்திருந்தவர்களும் அக்கதைக்குப் புறம்பானவரல்லர் என்பதும் உண்மை.

இவ்விரு சதிக்கதைகளும் ஒருங்கே மறைத்துவிட்டவை இரண்டு. முதலாவது, வொலிவேரியன் கிராமத்து அயலவரின் செயல். ஒற்றர் பயிற்சியோ ஆயுதமோ இன்றி, தெருவில் நின்று ‘நீங்கள் யார்?’ என்று கேட்டவர்கள் சாதாரண முஸ்லிம் குடிமக்கள். அதிகாரிகளின் மேசைகளில் எச்சரிக்கைக் கடிதங்கள் உறங்கிய நாட்டில், உறங்காதிருந்தவர்கள் இவர்கள். எந்த மர்மக் கதையிலும் வீரன் இவ்வாறு இரான். இவ்வாறான மக்கள் அதில் ஓடி ஒளியும் கூட்டமாகவே வருவர். இரண்டாவது, அந்த 6 குழந்தைகள். பெற்றோரின் கொள்கை யாதாயினும் அவர்கள் எதனையும் தெரிந்தெடுத்தவரல்லர். ஸ்டீவியைப் போலவே, நம்பத்தக்கவர் எனக் கருதியோரின் கைபிடித்துச் சென்றவர். உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களில் மாண்ட குழந்தைகளோடு இவர்களையும் சேர்த்து எண்ண நமக்கு மனம் வருமா? வராவிடின் நாம் இன்னும் மர்மக் கதை வாசகராகவே இருக்கிறோம்.

தவறான வாசிப்பு வாசகனிடம் மட்டுமன்றி அரசினிடத்தும் உண்டு. அஹ்னாப் ஜஸீம் என்னும் இளங் கவிஞர், புத்தளம் மாவட்டத்தில் தமிழ் கற்பித்த ஆசிரியர், 2020 மே 16ஆம் திகதி பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைது செய்யப்பட்டார். அவருக்கெதிராக எடுத்துக்காட்டப்பட்டவற்றுள் முதன்மையானது, 2017இல் அவர் வெளியிட்ட ‘நவரசம்’ என்ற கவிதைத் தொகுதி. அது தீவிரவாதத்தைப் பரப்புகிறதாம்! அக்கவிதைகள் வன்முறையையும் தீவிரவாதத்தையும் கண்டிப்பவை என்பதைத் தமிழறிந்தோர் எடுத்துக்காட்டினர். எனினும் 2021 டிசம்பரிற் பிணை கிடைக்கும் வரை அவர் தடுப்பில் இருந்தார்; 2023 டிசம்பரிலேயே விடுதலை பெற்றார். சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமாரவும் ஒரு சிறுகதைக்காக 2019 ஏப்ரலிற் கைதாகி மாதக்கணக்கிற் சிறையிருந்தார். உவமையைத் திட்டமாகவும், உருவகத்தை ஆயுதக் குறிப்பாகவும் படிப்பது ஒற்றனின் வாசிப்பு. கவிதையை உளவாளிக் கதையாக வாசித்த அரசு அதனை எழுதியவனைச் சிறையிலிட்டது. தமிழாசிரியர்களாகிய நமக்கு இதனினும் நெருங்கிய செய்தி வேறில்லை. ‘இக்கவிதையின் கருத்து யாது?’ என்று நாம் வகுப்பில் நாள்தோறும் கேட்கும் கேள்விக்கு, ஒருவரின் மூன்றரை ஆண்டு வாழ்க்கை விலையாயிற்று.

இனி, கொன்ராட்டின் குறைபாட்டையும் கூறாது விடின் நமது மதிப்பீடு முழுமையாகாது. சாரின் ஆட்சியால் நாடுகடத்தப்பட்ட போலந்துக் குடும்பத்தில் வந்தவர் அவர். ஆட்சியின் கொடுமையை நன்கறிந்தவர். ஆயினும் அதனை எதிர்த்தோரிடத்தும் அவர்க்கு மதிப்பில்லை. அவர் படைத்த புரட்சிக்காரர் அனைவரும் சோம்பேறிகள், பெண்களை அண்டிப் பிழைப்போர், அல்லது சட்டைப்பையிற் குண்டோடு திரியும் ‘புரபசர்’ போன்ற மனித வெறுப்பாளர். இலண்டனின் உழைக்கும் மக்கள் ஒன்றுகூடிச் செயற்படுதலை இந்நாவலில் எங்கும் காணோம். குதிரையை அடிக்கும் வண்டிக்காரனைக் கண்டு ஸ்டீவி கலங்கும் இடம் உண்டு. குதிரையின் நோவையும் வண்டிக்காரனின் வறுமையையும் அப்பேதை ஒருங்கே உணர்கிறான். ஆசிரியரின் முழுப் பரிவும் அங்கே புலப்படுகிறது. ஆனால் அவ்வுணர்ச்சியை ஒரு பேதையின் உள்ளத்தில் மட்டுமே அவரால் வைக்க முடிந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் மார்க்சிம் கார்க்கி ‘தாய்’ நாவலை எழுதினார். ரகுநாதனின் மொழிபெயர்ப்பில் நம்மவர் பலரும் படித்த நூல். அங்கும் இரகசியம் உண்டு, ஒற்றர் உண்டு, காட்டிக்கொடுத்தல் உண்டு. எனினும் இரகசியத்தை வெல்லும் வழியாகக் கார்க்கி காட்டுவது மக்கள் விழித்தெழுதலை. சதிக்கு எதிர்ச்சதி அங்கே விடையாகவில்லை. தனிமனிதனின் துயரைக் கொன்ராட்டிடமும், அத்துயரினின்றும் எழும் வழியைக் கார்க்கியிடமும் நாம் கற்கலாம்.

நமது மண்ணிலேயே மற்றுமோர் உதாரணம் உண்டு. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது, கல்முனைக்குடியிற் பிறந்த எம். ஏ. நுஃமான் ‘புத்தரின் படுகொலை’ என்னும் கவிதையை எழுதினார். கட்டளையிட்டவர் யார், எங்கே கூடித் திட்டமிட்டனர் என்று அக்கவிதை துப்பறியவில்லை. கொல்லப்பட்டது யார் என்று அது காட்டிற்று. எரித்தவர்கள் எந்தப் பெயரால் எரித்தனரோ அந்தப் புத்தரையே கொல்லப்பட்டவராகக் காட்டிற்று. அரசின் குற்றத்தைப் பாடுபொருளாகக் கொள்வோர்க்கு அது இன்றும் வழிகாட்டி.

2019ஐப் பற்றிய நாவல் நமது கரையிலிருந்து எழவேண்டும். அது எழுதப்படும்போது விற்பனைக்காகச் சூத்திரதாரியைத் தேடி ஓடும் கதையாக அமைந்துவிடக் கூடாது. அச்சதியின் வேரை விசாரணை காணட்டும். காணும்வரை நாம் கோரிக்கையைக் கைவிடோம். நாவலாசிரியன் காணவேண்டியவை வேறு. வாசலிற் சென்று கேள்வி கேட்ட அயலவரை அவன் காணவேண்டும். அன்றிரவு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிய தாய்மாரைக் காணவேண்டும். மறுநாள் முதல் அபாயாவோடு பஸ்ஸில் ஏற அஞ்சிய மாணவியை, சீயோன் தேவாலயத்திற் பிள்ளையை இழந்த மட்டக்களப்புத் தாயைக் காணவேண்டும். அந்த 6 குழந்தைகளின் மேலங்கிகளிலும் யாரோ ஒருவர் அன்போடு தைத்த முகவரி இருந்திருக்கும். அதனைப் படித்துக் காட்டும் எழுத்தாளனே நமக்கு வேண்டியவன். அவனைப் படிக்கத் தெரிந்த வாசகரை வகுப்பறையில் உருவாக்குவது ஆசிரியர்களாகிய நமது கடமை.